கருவுற்றமையை அறியுங் காலம்

(காட்டுப்பாக்கத்தில் நம் சங்கத்தார் கூட்டிய மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எடுத்துக்கொண்ட விஷயம் ஆடவர் நடுவே பேசத் தகாததென்று சிலர் எண்ணக்கூடும். பிறக்கும் குழந்தைக்குத் தந்தையும் பாட்டனும் உரியவராயின், அது கருவிலே தங்கிய நாள் முதலாகச் செய்யவேண்டிய கடமைக்கும் அவர்கள் உரியவரே யாவர். ஆதலின் அனைவரும் செவி சாய்க்க வேண்டுகிறேன்.

ஒருத்தி கருவுற்றாளென்பதை ‘முழுகாமலிருக்கிறாள்’ என்று நம்மவர் வழங்குவர். மாதவிலக்கு நின்று, அதன்பின் தலைமுழுகுவதும் நின்றதென்பதே அதன் கருத்து. முதற்குறி இன்னதென்று நம் மொழியே இங்ஙனம் உணர்த்துகின்றது. ஆயினும் இக்குறி ஒன்றையே நம்புதல் போதாது. தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, மிக்க கவலை, உடல் இளைப்பு இவற்றாலும் விலக்குத் தள்ளிப்போகும். கருவுற்ற சிலர்க்கோ தொடக்கத்தில் சிறிது உதிரம் தோன்றும். அதனை விலக்கென்று மயங்குவாரும் உளர். பாலூட்டும் தாய் விலக்கு மீண்டும் வருமுன்னரே கருவுறவுங் கூடும்.

மார்பில் நோவு, காரணமற்ற சோர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், தாளிக்கும் வாசனையும் பொறாமை, ஆறாம் வாரமளவில் குமட்டல் முதலியன ஏனைய குறிகள். இவற்றையே மசக்கை என்கின்றோம். வயவுற்ற மகளிர் மண்ணை விரும்பியுண்பதைப் புறநானூறும் குறிக்கின்றது. அத்தகைய ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடுமாதலால், நகைத்து விடாது இரத்தத்தைச் சோதிப்பிக்க வேண்டும்.

குறிகள் ஐயத்தை எழுப்பும். சோதனையே ஐயத்தைத் தீர்க்கும். 1920-களின் இறுதியில் பெர்லின் நகரத்து வைத்தியராகிய ஆஷைம், சோண்டெக் என்னும் இருவரும் கருவுற்றவளின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசிவழிச் செலுத்திச் சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தே கர்ப்பத்தை அறிந்தனர். அன்று அவர்கள் தேடிய அதே சுரப்புநீரை, இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு பட்டை சில நிமிஷத்தில் காட்டிவிடுகின்றது.

விலக்கு வரவேண்டிய நாள் கடந்த பின்னரே சோதித்தல் நன்று. அதற்கு முன் சுரப்பு மிகக் குறைவாகையால், கரு இருந்தும் இல்லையென்றே பட்டை காட்டலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைத் தூய கிண்ணத்திற் பிடித்து, உறையிற் கண்டபடி துளிகளிட்டு, அதிற் குறித்த நேரத்திற்குள் பார்க்க வேண்டும். இரு கோடுகள் தோன்றின் கருவுண்டு; இரண்டாவது மங்கலாயினும் அவ்வாறே கொள்க. ஒரே கோடு தோன்றியும் விலக்கு வாராதாயின், ஒரு வாரங் கழித்து மீண்டும் சோதிக்க. அப்பொழுதும் தெளிவில்லையேல் வைத்தியரிடம் செல்க.

இத்துணை விரைவு எதற்கென்று கேட்பீர்கள். கர்ப்ப காலத்தைக் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது மரபு. ஆகவே நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் கழிந்துவிட்டது. குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டிற்கும் மூலமான குழாய் ஆறாம் வாரத்திற்குள் மூடிவிடும். அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைக் குழந்தை வேண்டுமென்று எண்ணும்பொழுதே வைத்தியரைக் கேட்டு உட்கொள்ளத் தொடங்குதல் நலம். வலிப்பு நோய்க்கும் முகப்பருவிற்கும் உரிய சில மருந்துகள் கருவைச் சிதைக்க வல்லன. வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்தே. உடனே வைத்தியரை உசாவுக.

மூன்று மாதம் நிரம்புமட்டும் வெளியிடலாகாதென்பது நம் வீடுகளின் வழக்கம். ஊராரிடம் மறைத்தலில் குற்றமில்லை. வைத்தியரிடமும் செவிலியரிடமும் மறைத்தலே தீங்கு. ஆண் வைத்தியரை நாடக் கூசி வீட்டிலேயே நலிந்த ஸ்திரீகளின் பொருட்டு 1885-ல் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதுவே இன்று திருவல்லிக்கேணிக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. அன்று அந்நாணத்திற்குக் காரணமிருந்தது. பெண் வைத்தியர் பல்கிய இந்நாளில் அஃதில்லை.

மறைத்தலின் கேட்டிற்கு ஒன்று சொல்வேன். கரு சிலபோது கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிடும். பட்டையில் அப்பொழுதும் இரு கோடுகளே தோன்றும். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம், தோள் வலி இவை கண்டால் கஷாயமும் சுக்குத் தண்ணீரும் கொடுத்துக் காலம் போக்காதீர்கள். 108-ஐ அழைத்து அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. தாமதம் உயிரைக் குடிக்கும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால், ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட ரூ. 18,000 பெறுமான உதவியைத் தமிழக அரசு ஏற்படுத்தியுள்ளது. பன்னிரண்டு வாரத்திற்குள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேனும் கிராம சுகாதாரச் செவிலியரிடமேனும் பெயர் பதிவு செய்க. பூவிருந்தவல்லியும் போரூரும் அருகிலிருக்க, நமக்கு வைத்தியம் தொலைவென்று சொல்ல இடமில்லை.

மாமியாராயுள்ள தாய்மார்களே! மருமகள் ‘நாள் தள்ளிப்போயிற்று’ என்று முதலில் உங்களிடம் அச்சமின்றிச் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். ஒரே கோடு கண்ட பெண்ணை ஒரு சொல்லும் சுடாதீர்கள். இரு கோடு கண்டபின் ஆணோ பெண்ணோ என்று ஆராயாதீர்கள். அது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாம். தாய் நலமாயின் குடி நலமாம்.