திரையில் அசையும் தமிழ் எழுத்து

காஞ்சி கைலாசநாதர் ஆலயத்தைத் தரிசித்தவர்கள், திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களின் புறத்தே, ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் மணற்கல்லில் அலங்காரமான வளைவுகளோடு பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். எழுத்தின் வடிவத்தில் அத்தனை சிரத்தை காட்டிய இவ்வூரில், பள்ளியிலும் நெசவாளர் கூட்டத்திலும் காட்டப்படும் ஸ்லைடுகளில் எழுத்து அசையத் தொடங்கியதும் அதன் விளிம்பு பிசிறு பிசிறாகத் தெரிவதை நாம் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பிசிறின் காரணம் எளியது. திரை என்பது நுண்ணிய சதுரப் புள்ளிகளின் தொகுதி. அதில் வளைகோடு படிக்கட்டாகத்தான் விழும். கிடையாகவோ செங்குத்தாகவோ செல்லும் நேர்கோடுகளுக்கு இதனால் அதிக சேதமில்லை. ஆனால் 'ஞ', 'ஐ', 'ணை' என்று சுழிகளாலும் வளைவுகளாலும் அமைந்த நம் எழுத்துக்களுக்கு இது பெருங்குறை. ஆகவே கணினி, விளிம்பில் உள்ள புள்ளிகளுக்கு எழுத்தின் நிறத்துக்கும் பின்புலத்தின் நிறத்துக்கும் இடைப்பட்ட சாயலைப் பூசி, கண்ணுக்கு வளைவை வழவழப்பாக்குகிறது. அனிமேஷன் தொடங்கும்போதோ, சில சமயங்களில், எழுத்து ஒரு படமாக மாற்றப்பட்டு, அந்தப் படமே பெரிதாக்கப்படுவதால், படிக்கட்டுகளும் கூடவே பெரிதாகின்றன.

காஞ்சியின் பட்டுச் சேலை டிசைன் கலைஞர்கள் இந்த உண்மையை நன்கு அறிவார்கள். அன்னமும் மயிலும் யாளியும் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக வரையப்பட்டு, ஜக்கார்டு அட்டைகளில் துளைகளாகி, பின்னரே பட்டில் ஜரிகையாக மலர்கின்றன. சேலையின் உடலில் வரும் சிறிய புட்டா பெரிய பார்டருக்கு வேண்டுமானால், அந்தக் கட்டங்களை அப்படியே ஊதிப் பெருக்காமல், புதிய அளவுக்கேற்ப வேறொரு தாளில் திருத்தி வரைவதே முறை.

ஸ்லைடுக்கும் இதுவே விதி. முதலாவதாக, எழுத்தைப் படமாக ஒட்டாமல், யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யுங்கள். 1991-ல் வந்த ட்ரூடைப் போன்ற முறைகளில் எழுத்துருக்கள் வளைகோடுகளாகவே சேமிக்கப்படுவதால், எந்த அளவிலும் புதிதாக வரையப்படும். இரண்டாவதாக, எழுத்து வளர்ந்து வரவேண்டுமானால், அதை முடிவில் தோன்றவேண்டிய பெரிய அளவிலேயே அமைத்து, முதலில் கண்ணிமைப் பொழுதில் சுருக்கி, பிறகு பழைய அளவுக்கு விரியச் செய்யுங்கள். சிறிய எழுத்தைப் பெருக்காதீர்கள். மூன்றாவதாக, எழுத்துப் பெட்டிக்கு ஸ்லைடின் பின்புல நிறத்தையே நிரப்பிப் பாருங்கள். இடைச்சாயல் எந்த நிறத்தோடு கலக்கவேண்டும் என்பது கணினிக்குத் திட்டமாகத் தெரிந்துவிடும். நான்காவதாக, கணினி அனுப்பும் புள்ளிக் கணக்கும் புரொஜெக்டரின் சொந்தக் கணக்கும் ஒன்றாயிருக்கட்டும். 1024-க்கு 768 என்று அமைந்த புரொஜெக்டருக்கு வேறு அளவில் அனுப்பினால், அது தானே நீட்டிச் சுருக்கி விளிம்பைக் கெடுத்துவிடும்.

இவற்றுக்கு மேலாக, அவசியமில்லாத அசைவை விலக்குங்கள். ஆசிரியப் பெருமக்களும் சங்க நிர்வாகிகளும் கூட்டம் தொடங்குமுன் ஒருமுறை ஸ்லைடை ஓடவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று பார்த்து, பிசிறு தெரிந்தால் அதைத் திருத்திய பின்னரே சபையின் முன் வைக்கவேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.