மாமன்றம் இல்லாத மாநகரமும் மாமன்றம் வந்த பின்னும்: புனே தரும் படிப்பினை

(புனே நகரத் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நகராட்சி அரசியல் என்றவுடன் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு என்று எண்ணி அதைச் சிறிய அரசியலாகக் கருதும் பழக்கம் நம் அணிகளிலும் உண்டு. தில்லியில் நடப்பதே அரசியல், வார்டில் நடப்பது வெறும் சில்லறை வேலை என்ற எண்ணம் அது. புனே நகரத்தின் வரலாறு இந்த எண்ணத்தை ஏற்பதில்லை.

மகாத்மா ஜோதிராவ் பூலே 1876 முதல் 1882 வரை புனே நகராட்சியின் உறுப்பினராக இருந்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் வருகையையொட்டி நகரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிடும் தீர்மானம் மன்றத்தின் முன் வந்தது. அந்தப் பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்றார் பூலே. உறுப்பினர்கள் 32 பேர். எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. தீர்மானம் நிறைவேறியது, அவர் தோற்றார். ஆயினும் மக்கள் பணம் யாருக்காகச் செலவாகிறது என்ற கேள்வி அன்று அவைக் குறிப்பில் ஏறியது. கேள்வியைப் பதிவு செய்ய ஓர் அவை இருந்தது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட புனே மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் நடுவில் முடிவடைந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. மாநகராட்சி ஆணையரே நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். 2026 ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு நடக்கும்வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதிநிதிகூட இல்லாமல் இந்த மாநகரம் ஆளப்பட்டது.

இதன் பொருள் என்ன? திட்டத்தை முன்மொழிபவர் ஆணையர். அதை ஆராய வேண்டிய நிலைக்குழுவின் அதிகாரம் அவரிடம். ஒப்புதல் தரவேண்டிய மாமன்றத்தின் அதிகாரமும் அவரிடம். வரவு செலவுத் திட்டத்தைத் தாமே தயாரித்து, தாமே பரிசீலித்து, தாமே நிறைவேற்றிக் கொள்ளலாம். எதிர்க்கட்சி வரிசை இல்லை, கேள்வி நேரம் இல்லை, வெளிநடப்பும் இல்லை. இது ஓர் அதிகாரியின் நற்குணத்தையோ துர்க்குணத்தையோ பற்றிய பேச்சு அன்று. அமைப்பு முறையைப் பற்றிய பேச்சு.

அரசமைப்புச் சட்டம் இதில் மௌனமாக இருக்கிறதா? இல்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், நகராட்சி அமைப்புகளின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், அதற்கு மேல் இல்லை என்று வரையறுக்கிறது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது பிரிவு 243-ப. தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு குறித்த வழக்கு, வார்டு எல்லைகள் குறித்த சச்சரவு. இடஒதுக்கீடு சமூக நீதியின் உயிர்நாடி. அதற்கான தரவுகளை உரிய காலத்தில் திரட்டுவது அரசின் கடமை. அந்தக் கடமையில் தவறிவிட்டு, தவறையே தேர்தலைத் தள்ளிவைக்கும் காரணமாக்கினால், பிற்படுத்தப்பட்ட மக்கள் இரண்டு முறை ஏமாற்றப்படுகிறார்கள். வார்டு முறையோ ஆட்சி மாறியதும் மாறியது. முந்தைய அரசு மூன்று உறுப்பினர் வார்டுகளை வகுத்தது. 2022இல் வந்த அரசு நான்கு உறுப்பினர் முறைக்குத் திரும்பியது. கடைசியில் 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மகாராஷ்டிர உள்ளாட்சித் தேர்தல்களை நடத்த ஆணையிட வேண்டியிருந்தது. அதன் பின்னும் 2026 ஜனவரி இறுதிவரை அவகாசம் நீண்டது.

தோழர்களே, தமிழ்நாட்டினருக்கு இந்தக் கதை புதிதன்று. மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. 2016இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. கட்சிகள் வேறு, மாநிலங்கள் வேறு. மக்களின் அடிமட்ட அவையைக் கண்டு அஞ்சும் குணம் மட்டும் பொதுவானது.

அவை இல்லாததன் விலையை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சிங்ககட் சாலையை ஒட்டிய கிராமங்களில் இருக்கிறது. 2021 ஜூன் இறுதியில் 23 கிராமங்கள் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. நாந்தேட், கிர்கட்வாடி, கடக்வாஸ்லா ஆகியவை அவற்றுள் அடங்கும். இணைப்போடு கிராமப் பஞ்சாயத்துகள் மறைந்தன. சில மாதங்களில் மாமன்றமும் மறைந்தது. பழைய மன்றம் போயிற்று, புதிய மன்றம் வரவில்லை. வரி விதிப்பு மட்டும் வந்தது. சாலைக்கும் தண்ணீருக்கும் யாரைக் கேட்பது என்று தெரியாத மக்கள் வட்டார அலுவலக வாசலில் நின்றார்கள்.

2025 ஜனவரியில் இதே பகுதியில் கில்லன் பாரே நோய் பரவியது. கை கால்கள் செயலிழந்து, சிலருக்கு மூச்சுவிடுவதே இயலாமல் போகும் கொடிய நரம்பு நோய் அது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை இருநூறைக் கடந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அசுத்தக் குடிநீர் வழியாகப் பரவும் காம்பிலோபாக்டர் என்னும் நுண்ணுயிரி நோயாளிகள் பலரின் மாதிரிகளில் காணப்பட்டது. நாந்தேடின் பெரிய கிணறும் அதிலிருந்து வழங்கப்பட்ட நீரும் நாடு முழுவதும் பேசப்பட்டன. முழுமையான சுத்திகரிப்பு நிலையம் வழியே வராமல், குளோரின் மட்டும் கலந்து வந்த நீர் அது. 1868இல் தம் வீட்டு நீர்நிலையைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டவர் பூலே. அந்த நகரத்தில்தான், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும், எந்தக் குழாயில் எந்த நீர் வரும் என்பதை மனிதர் வாழும் இடம் தீர்மானிக்கிறது.

மாமன்றம் இருந்திருந்தால் நோயே வந்திராது என்று சொல்வது மிகை. ஆனால் அந்தக் கிணற்று நீரைப் பற்றி அவையில் எழுந்து கேட்கும் கடமையுள்ள ஒருவர் இருந்திருப்பார். கேட்கவில்லையென்றால் அவர் வீட்டு வாசலில் மக்கள் கூடியிருப்பார்கள். அந்த வாசல் நான்கு ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

அவை இருந்தால் மட்டும் போதுமா? இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்தது. அந்த மன்றத்தின் ஒப்புதலோடுதான் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குச் சென்றது. வேலையும் ஊதியமும் பறிபோகும் நிலையில் 2025 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து ரிப்பன் மாளிகை முன்பு தொழிலாளர்கள் அமர்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. வாக்குப் பெற்று வந்த அவையும் மூலதனத்தின் அவையாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே அவையோடு அமைப்பும் வேண்டும். புனேயின் குப்பை சேகரிக்கும் பெண்கள் இதைச் செய்து காட்டியவர்கள். பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த இந்தப் பெண்கள் 1993இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ என்ற சங்கமாகத் திரண்டார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்பது பெயரின் பொருள். சுமைப்பணித் தொழிலாளர் தலைவர் பாபா ஆடாவின் துணை அவர்களுக்கு இருந்தது. முதலில் கேட்டது கூலி உயர்வு அன்று. ‘நாங்களும் தொழிலாளர்கள்’ என்ற அங்கீகாரம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே மாநகராட்சியின் ஒப்புதல் பெற்ற அடையாள அட்டையும், பின்னர் மருத்துவக் காப்பீடும் வென்றார்கள். 2008இல் ‘ஸ்வச்’ கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பணியை ஏற்றது. இன்று அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைக்கிறார்கள்.

அவர்கள் எல்லாம் பெற்றுவிட்டார்கள் என்பதல்ல. மாநகராட்சி அவர்களுக்கு மாத ஊதியம் தருவதில்லை. வீட்டாரிடம் பெறும் கட்டணமும் மறுசுழற்சிப் பொருள்களை விற்று வரும் பணமுமே வருமானம். 2020 இறுதியில் ஒப்பந்தம் முடிந்தபோது தனியார் ஒப்பந்ததாரர்களைக் கொண்டுவரும் முயற்சியும் தலைதூக்கியது. சங்கமும், தாங்கள் அன்றாடம் காணும் பெண்களுக்காகப் பேச முன்வந்த குடியிருப்போரும் சேர்ந்தே அதை எதிர்த்தார்கள். குப்பை கொடுப்பவரும் எடுப்பவரும் ஓரணியில் நின்றது எளிய செய்தி அன்று.

2026 ஜனவரித் தேர்தலில் பாஜக பெரும்பான்மை பெற்று மாமன்றம் மீண்டும் கூடியிருக்கிறது. 165 இடங்கள், 41 வார்டுகள். நாற்பது வார்டுகளில் நான்கு உறுப்பினர்கள், ஒன்றில் ஐவர். பெரிய வார்டு பெரும் பணத்துக்கு வசதி. குழாயில் நீர் வராவிட்டால் நால்வரில் யார் பொறுப்பு என்று கேட்டால், ஒருவர் மற்றொருவரைக் காட்டலாம். எனவே ஓர் உறுப்பினர் வார்டு என்பது வெறும் நிர்வாகக் கோரிக்கை அன்று, சனநாயகக் கோரிக்கை.

கட்கியிலும் கேம்ப் பகுதியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. ராணுவக் குடியிருப்பு வாரியங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுடைய காலம் 2021இல் முடிந்துவிட்டது. பிறகு நியமனமே நடைமுறை. மாநகராட்சிக்கு வந்த தேர்தல் அங்கேயும் வரவேண்டும் என்ற குரல் அந்தத் தெருக்களிலிருந்தே எழ வேண்டும்.

செய்யத்தக்க வேலைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. குடிமக்கள் பங்கேற்கும் வரவு செலவுத் திட்ட முறை புனேயில் 2006 முதல் உள்ளது. வட்டார அலுவலகத்தில் படிவம் நிரப்பித் தம் பகுதிக்கு வேண்டிய பணியை எவரும் கோரலாம். வசதியான குடியிருப்புச் சங்கங்கள் அதை அறிந்திருக்கின்றன, உழைக்கும் மக்களின் குடிசைப் பகுதிகள் அறியவில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் குடிநீர், கழிப்பிடம், வடிகால் நிலையை எழுதிப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலை மராத்தியில் எழுத வேண்டும். அண்டை வீட்டு மராத்தி உழைப்பாளியின் கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். தமிழர் கோரிக்கை என்று தனித்து நிற்பது பலவீனம். தெருவின் கோரிக்கை என்று சேர்ந்து நிற்பது பலம்.

முப்பத்திரண்டு பேர் அவையில் பூலே தனியாக வாக்களித்தார். அவருக்குப் பின்னால் அன்று அமைப்பாகத் திரண்ட தொழிலாளி வர்க்கம் இல்லை. இன்று இருக்கிறது. அவையைத் திறக்கவைத்தது நீதிமன்றத்தின் ஆணை. திறந்த அவைக்குள் நாந்தேடின் கிணற்றையும் குப்பை வண்டி தள்ளும் பெண்ணின் ஊதியத்தையும் கொண்டுபோய் வைப்பது தோழர்களின் வேலை.