முத்திரை வைத்தவனே பொறுப்பாளி

(தொழில்வல்லாரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



கட்டிடக் கலைஞருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அரசாங்கச் சபைகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். மழைக்கு முன் வெங்காயம் கிண்டவேண்டிய வேளையில் இப்பேச்சு எதற்கு என்று முன்வரிசையில் இருக்கும் கமக்காரப் பெருமக்கள் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. ஒருவன் தான் கற்ற தொழிலைச் செய்வதற்கு அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும் என்று சட்டம் சொல்லுமாயின், அவ்வுத்தரவை வழங்குபவர் யார், மறுப்பவர் யார், மறுத்தால் முறையிடுவது எங்கே என்பன அரசியற் கேள்விகளாகிவிடுகின்றன. கட்டிடக் கலைஞரை வைத்து அவற்றை ஆராய்வது எளிது; அவர் பிழைவிட்டால் கூரை நம் தலையிலேயே விழும்.

ஐக்கிய அமெரிக்காவை உதாரணமாகக் கொள்வோம். அங்கே இவ்வதிகாரம் வாஷிங்டனிலுள்ள மத்திய அரசாங்கத்திடம் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய சட்டத்தைத் தானே இயற்றி, தன் சபையைத் தானே அமைத்துக்கொள்கிறது. 1897ஆம் ஆண்டு இல்லினோய் மாநிலம் முதற் சட்டத்தை இயற்றியது. ஒரு மாநிலத்தில் பெற்ற பத்திரம் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது என்பது பெரும் சங்கடமாயிற்று. அதைத் தீர்க்க மாநிலச் சபைகளே 1919இல் தமக்குள் ஒரு தேசிய மன்றத்தை நிறுவின. இன்று எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான பரீட்சையை அம்மன்றமே நடத்துகிறது. அதிகாரத்தை மத்திக்குத் தாரைவார்க்காமலே ஒழுங்கை உண்டாக்கலாம் என்பதை இவ்விடத்தில் கவனித்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்ணியாவின் கதை இன்னும் சுவையானது. அங்கே 1901இல் சபை பிறந்தது. அன்று தொழில் செய்துகொண்டிருந்தோர் அதை நிரூபித்தால் பரீட்சையின்றியே பத்திரம் பெற்றனர், பின்வந்தோருக்குத்தான் பரீட்சை. முதலில் உள்ளே நின்றவர் வாயிலைக் கடக்கவில்லை. வாயில்தான் அவருக்குப் பின்னால் கட்டப்பட்டது! தொழிற் சட்டங்கள் அநேகமாக இவ்வாறே பிறக்கின்றன; எம் சட்டத்தரணித் தொழிலையும் இதற்கு விலக்கென்று சொல்லமாட்டோம். மேலும், தான் கட்டிடக் கலைஞன் அல்லன் என்று எழுத்தில் அறிவித்துவிட்டால், பத்திரமில்லாதவனும் வரைபடம் வரைந்து கொடுக்கலாம் என்று அச்சட்டம் இடம்விட்டிருந்தது. பெயருக்குத்தான் காவல், தொழிலுக்கு இல்லை. 1963இல்தான் பத்திரமின்றி அத்தொழிலைச் செய்வதே குற்றமாக்கப்பட்டது.

இன்று அங்கே பத்திரம் பெறக் கல்வியும் பயிற்சியுமாக எட்டு ஆண்டு வேண்டும். பட்டம் பெற்றிருந்தால் அதில் ஐந்தாண்டு வரை கழிக்கலாம். பட்டம் இல்லாதவனும் கலைஞர்களின் கீழ் உழைத்தே தகுதி தேடலாம். தேசிய மன்றத்தின் கணக்குப்படி 3,740 மணி நேரப் பயிற்சி, ஆறு பிரிவுகளாகப் பொதுப் பரீட்சை, அதன்மேல் அம்மாநிலத்துக்கென்றே ஒரு பரீட்சை. இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இத்தகைய வாயில் மக்களைத் தடுக்கவும் கூடும். ஏழைக்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் அதுவே துணையாகவும் கூடும். பெண்களைத் தொழிலுக்குள் எவரும் எதிர்பாராத 1904இல் ஜூலியா மோர்கன் என்னும் பெண்மணி கலிபோர்ணியாவின் பத்திரத்தைப் பெற்றார்; அம்மாநிலத்தில் அதைப் பெற்ற முதற் பெண் அவரே. கறுப்பினத்தவரான போல் வில்லியம்ஸ் 1921இல் பெற்றார். தம் அருகில் அமர விரும்பாத வெள்ளையரான வாடிக்கையாளர், மேசைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தே பார்ப்பதற்காக, அவர் தலைகீழாகப் படம் வரையப் பழகிக்கொண்டார். தாம் குடியேற முடியாத வட்டாரங்களில் பிறருக்கு மாளிகை வரைந்த மனிதர் அவர். சமூகம் மறுத்த ஆசனத்தைச் சபை கொடுக்கவில்லை. ஆனால் பரீட்சையில் சித்தியடைந்தவனின் பத்திரத்தை மறுக்க அதற்கு வழியில்லாமற் போயிற்று. விதி எழுத்தில் இருப்பதன் பயன் அவ்வளவே. ஒடுக்கப்பட்டவனுக்கு அது சிறிதன்று.

எழுத்தில் உள்ள விதியை நடத்துபவர் யார்? கலிபோர்ணியாச் சபையில் பத்துப் பேர். ஐவர் கட்டிடக் கலைஞர், ஐவர் பொதுமக்கள். தொழிலின் நுட்பம் அறிந்தவர் வேண்டும்; தொழிலால் இலாபம் பெறாதவரும் வேண்டும். இப்பிந்தியவர் இல்லாவிடின் என்ன நேரும் என்பதை வட கரோலினாவின் பல்வைத்தியச் சபை காட்டியது. அதன் எட்டு உறுப்பினருள் அறுவர் தொழில் செய்யும் பல்வைத்தியர். பல்லை வெண்மையாக்கும் வேலையைக் குறைந்த கட்டணத்தில் செய்துவந்த பிறரை நிறுத்தும்படி சபை கடிதங்கள் அனுப்பியது. 2015இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அரசாங்கத்தின் உண்மையான மேற்பார்வை இல்லாதவிடத்து, தொழிலாளரின் போட்டியாளரே நடத்தும் சபை அரசாங்கத்தின் போர்வைக்குள் ஒளிய முடியாது என்று தீர்ப்பளித்தது. வேலியே பயிரை மேய்ந்த வழக்கு அது.

இனி, சபை தன் கடமையைச் செய்த ஒரு வழக்கு. மிசூரி மாநிலத்தில் கட்டிடக் கலைஞர், பொறியியலாளர், நில அளவையாளர் அனைவருக்கும் ஒரே சபை. 1981 யூலை 17ஆம் நாள் மாலை, கான்சாஸ் நகரத்து விடுதியொன்றின் கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிய இரு நடைபாலங்கள் இடிந்து வீழ்ந்தன. மாண்டவர் 114 பேர்; காயமுற்றோர் 200க்கு மேல்.

காரணத்தைக் கிணற்றுக் கயிற்றால் விளக்கலாம். மேலிருந்து வரும் ஒரே கயிற்றில் இரண்டு வாளிகளை வேறு வேறு முடிச்சிட்டுத் தொங்கவிட்டால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு வாளியையே தாங்கும். மேல் வாளியின் காதில் வேறொரு கயிறு கட்டிக் கீழ் வாளியைத் தொங்கவிட்டாலோ, மேல் முடிச்சு இரண்டையும் தாங்கவேண்டும். முதலில் வரைந்தது முன்னைய விதம். இரும்பு வேலை செய்தோரின் வசதிக்காக மாற்றிக் கட்டியது பின்னைய விதம். முதல் வரைவே நகரச் சட்டம் வேண்டிய வலிமையிற் குறைந்தது என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர்.

குற்றவியல் வழக்கு எவர்மீதும் தொடரப்படவில்லை. 114 உயிர்களுக்கு அந்த நீதிமன்றக் கதவு திறக்கவில்லை. சபைதான் பொறியியலாளர்மீது முறைப்பாடு செய்தது. அங்கே முறைப்பாடு செய்பவரே தீர்ப்பவராக இருப்பதில்லை. வேறொரு விசாரணை ஆணைக்குழு சாட்சியங்களைக் கேட்டு, 1985இல் பாரதூரமான கவலையீனம் உண்டென்று கண்டது. அதன் பின்னரே சபை பத்திரங்களைப் பறித்தது. இணைப்பைக் கணிப்பது இரும்பு வேலை செய்தோரின் பொறுப்பு என்று பொறியியலாளர் வாதாடினர். 1988இல் மிசூரி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். முத்திரையோடு வந்த பொறுப்பைக் கொடுக்க முடியாது.

கமக்காரருக்கு ஒரு சொல். கலிபோர்ணியாச் சட்டத்தில் இரண்டு மாடிக்கு மேற்படாத மரச்சட்ட வீட்டுக்கும், மரத்தாலான பண்ணைக் கட்டிடத்துக்கும் கட்டிடக் கலைஞர் கட்டாயமில்லை. பொதுமக்களுக்கு ஆபத்தென்று உள்ளூர் அதிகாரி கருதினால் மாத்திரம் விலக்கு இல்லாமற் போகும். தன் கொட்டிலைத் தான் கட்டும் உழவனைச் சட்டம் தொந்தரவு செய்வதில்லை. ஊரார் ஏறும் மாடியைக் கட்டுபவனையே அது தேடிவருகிறது. கலைஞரை அமர்த்துவோருக்கு எழுத்திலான ஒப்பந்தம் கொடுக்கவேண்டும் என்பதும் அங்கே சட்டம். வாய்ப்பேச்சை நம்பிக் காணியை இழந்தவர்களின் கோவைகள் நிறைந்த எம்போன்றோருக்கு அப்பிரிவின் அருமை தெரியும்.

நம் நாட்டிலும் கட்டிடக் கலைஞர் நிறுவகச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. 1996இல் திருத்தப்பட்டுப் பதிவுச் சபையும் வந்தது. அச்சட்டத்தின் பிரிவுகளை எடுத்துவைத்து, சபையில் இருப்பவர் யார், மறுத்தால் முறையிடுவது எங்கே, பொதுமக்களின் முறைப்பாட்டை விசாரிப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பது அடுத்த கூட்டத்துக்கு உரிய வேலை. பிரதி வேண்டுவோர் இக்கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.