மாவுக்கு ஒரு காவற்காரன்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இதுகாறும் புலவர் பெருமக்கள் பேசினார்கள். நாமோ பத்தாம் வகுப்போடு ஏட்டை மூடிவைத்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதி வருகின்றோம். ஆதலின் நமக்குத் தெரிந்த ஒரு கைத்தொழிலைப் பற்றியே பேசத் துணிந்தோம். பழைய குளிர்ப்பெட்டி ஒன்றை இட்லி மாவு புளிக்கவைக்கும் பெட்டியாக மாற்றி, அதன் வெப்பநிலையை ஒரு சிறு கருவியால் காத்த வரலாறு இது.

நம் உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே நெடுஞ்சாலைமேல் அமைந்த ஊர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாட்டுக்கு எல்லை வகுத்தார்கள்; சமையலறைக்கு எவரும் எல்லை வகுக்கவில்லை. இங்குள்ளோர் கள் விட்டு அப்பமாவு புளிக்கவைத்த வழக்கமும், நாம் கொண்டுவந்த இட்லிமாவும் ஒரே கலையின் இரு கிளைகளே. பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகின்றார்களே, அது எதற்கு? சுண்ணாம்பு புளிப்பை அடக்குகிறது. பனஞ்சாறு கள்ளாகாமல் அக்கானியாகவே நிற்கிறது. புளிக்கவிடுவதும் புளியாமல் தடுப்பதும் நம் முன்னோர் கைகண்ட வித்தைகளே.

அப்படியிருக்க, இன்று கருவி எதற்கு என்று கேட்கலாம். நம் குடியிருப்பில் தாய்மார் சிலர் மாவரைத்து விற்றுப் பிழைக்கின்றார்கள். கணவரை இழந்த ஓர் அம்மையார் அவ்வருவாயைக் கொண்டே இரு மக்களைப் படிக்கவைக்கின்றார். பங்குனி, சித்திரையில் மாலையில் அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து, முகஞ்சுளிக்கும் புளிப்பேறிவிடுகிறது. இடவப்பாதி மழை பிடித்தபின் அதே மாவு காலையிலும் எழாமல் கல்லெனக் கிடக்கிறது. ஓர் அண்டா மாவு கெட்டால் அரிசியும் உளுந்தும் மட்டும் போவதில்லை. காலையில் பாத்திரத்தோடு வரும் வாடிக்கைக்காரரும் வேறிடம் போய்விடுவர். சென்ற கோடையில் ஒரே வாரத்தில் மூன்று நாள் மாவைக் கொட்ட நேர்ந்தது. அது கண்டே நம்மவர் நால்வர் கூடி இம்முயற்சியில் இறங்கினோம்.

மாவு ஏன் எழுகிறது? உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் அதற்குக் காரணம். அவற்றுள் தலைமையானது லூக்கனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியம் என்பதை 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது. அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. உளுந்தின் கொழகொழப்பு அவ்வாயுவைக் குமிழிகளாகப் பிடித்துவைக்கிறது. இட்லியின் மென்மைக்கு இதுவே காரணம். இவ்வுயிருக்கு 25 முதல் 30 டிகிரி வரையுள்ள வெப்பம் உகந்தது. வெப்பம் மிகுந்தால் வேறு நுண்ணுயிர்கள் ஓங்கிப் புளிப்பு முந்திக்கொள்கிறது. குறைந்தால் வேலை மந்தமாகிறது. கிரைண்டரில் நெடுநேரம் அரைபட்ட மாவு, அரைபடும் சூட்டினாலேயே வெப்பமேறி வெளிவருகிறது என்பதையும் மறத்தலாகாது. பெரிய அண்டாவில் அச்சூடு எளிதில் தணியாது.

புளிப்பையும் குளிரையும் இணைத்துப் பார்த்தவர்கள் ஐரோப்பாவில் பீர் வடித்தவர்கள். வெப்பமும் உழைப்பும் ஒன்றுக்கொன்று மாறத்தக்கவை என்று அளந்து நாட்டிய ஜூல் என்னும் அறிஞர் (1818–1889), வடிசாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் லின்டே 1870களில் ஆக்கிய குளிரூட்டும் எந்திரத்தை முதலில் விரும்பி ஏற்றவை அந்நாட்டு வடிசாலைகளே. அதற்கு முன்னரோ, அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

வீட்டில் பீர் வடிப்பதற்கு இங்கிலாந்தில் 1963இல் உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் சட்டம் இடமளித்தது. அங்குள்ளோர் பழைய குளிர்ப்பெட்டியில் கருவி பொருத்திக் கலனைக் காத்த முறையே நாம் கைக்கொண்ட முறை. நம் மாநிலத்தில் உரிமமின்றி மது வடிப்பது அப்காரிச் சட்டப்படி குற்றம். ஆதலின் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளை மாவாக மாற்றிக்கொண்டோம்.

குளிர்ப்பெட்டியிலேயே தெர்மாஸ்டாட் இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். அதனுள் ஒரு மெல்லிய குழாயில் வாயு அடைபட்டிருக்கிறது. குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறைந்து மின்தொடர்பு விடுபடும். வெப்பமேறினால் மீண்டும் கூடும். ஆனால் அது சில டிகிரிக் குளிரைக் காப்பதற்கென அமைந்தது. 28 டிகிரியில் நிற்கத் தெரியாதது. ஆகவே அதனை மிகுகுளிர் நிலையில் திருப்பி வைத்துவிட்டு, பெட்டிக்கு வரும் மின்சாரத்தையே வெளியிலிருந்து கட்டுப்படுத்தினோம்.

இதற்கு எஸ்.டி.சி. 1000 என்னும் சிறு கருவியைக் கொண்டோம். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் அதன் உணர்முனை. உள்ளே இரண்டு ரிலேக்கள் உள; ஒன்று குளிரூட்ட, மற்றொன்று சூடேற்ற. குளிரூட்டும் ரிலேயில் பெட்டியின் பிளக்கையும், சூடேற்றும் ரிலேயில் 40 வாட் குமிழ்விளக்கு ஒன்றையும் இணைத்தோம். விளக்கைத் தகரக் கூண்டில் வைத்து, பெட்டியின் பிளாஸ்டிக் சுவரைத் தொடாதபடி நிறுத்தினோம். ஒரே தடத்தில் இருதிசை வண்டிகளுக்கும் ஒருசேரக் கைகாட்டி இறங்காதவாறு இண்டர்லாக்கிங் காப்பதுபோல, இவ்விரண்டும் ஒருசேர இயங்கா.

இனி அமைப்பு எண்களைச் சொல்லுவோம். எஃப் 1 என்பதில் 28 என்றும், எஃப் 2 என்பதில் 1 என்றும் வைத்தோம். வெப்பம் 29ஐ எட்டினால் கம்ப்ரசர் ஓடி, 28இல் நிற்கும். 27க்கு இறங்கினால் விளக்கு எரிந்து, 28இல் அணையும். எஃப் 3 என்பது கம்ப்ரசரின் ஓய்வு நேரம். 5 நிமிடம் வைத்தோம். நின்ற கம்ப்ரசரை உடனே ஓட்டினால், குழாயில் இறங்காத அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் திணறிக் கருகும். மின்சாரம் அடிக்கடி போய்வரும் மழைக்காலத்தில் இவ்வோய்வு பெட்டியின் உயிரைக் காக்கும். எஃப் 4 பிழைதிருத்தம். நொறுக்கிய பனிக்கட்டியைச் சிறிது நீரோடு கலந்து அதில் உணர்முனையைத் தோய்த்தால் 0 காட்டவேண்டும். காட்டாவிடில் அவ்வேறுபாட்டை இங்கே திருத்துக.

உணர்முனையை எங்கே வைப்பது என்பதே முறையின் உயிர்நாடி. காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்குந்தோறும் கம்ப்ரசர் ஓடும். மாவின் நடுவில் செருகினால், செய்தி தாமதமாக வந்து குளிர் எல்லை கடந்துவிடும். அண்டாவின் வெளிப்புறத்தில் ஒட்டி, மேலே மடித்த துணியை வைத்துக் கட்டுவதே தக்கது.

இளைஞர்கள் இதனைச் செய்ய விரும்பினால் நான்கு சொற்களை மனத்திற் கொள்க. முதலாவது, இணைப்பு வேலையை உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரே செய்யட்டும். ரிலே துண்டிப்பது லைவ் கம்பியாக இருக்கவேண்டும். எர்த் கம்பியை ஒருபோதும் வெட்டலாகாது. இரண்டாவது, 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பானின்றி ஈரமான சமையலறையில் இதனை வைக்கலாகாது. மூன்றாவது, பெட்டியின் சுவரில் துளையிடலாகாது. சுவருக்குள் வாயுக் குழாய்கள் ஓடுகின்றன. புதிய பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றும் வாயுவும் உளது. கம்பியைக் கதவின் ரப்பர் விளிம்பு வழியே கொண்டுசெல்க. அத்தகைய வாயு உள்ள பெட்டியில் விளக்கும் வேண்டா. நான்காவது, ஒற்றைக் கதவுள்ள பழைய எளிய பெட்டியையே தேர்ந்தெடுக்க. மின்னணுப் பலகை கொண்டவை இவ்வாறு அடிக்கடி மின்சாரம் துண்டிக்கப்படுவதற்கு ஏற்றனவல்ல.

பயன் யாதெனக் கேட்பீர்கள். மாலை ஆறு மணிக்கு உள்ளே வைத்த அண்டா காலை ஐந்து மணிக்கு ஒரே அளவாக எழுந்து நிற்கிறது; வெயில் நாளிலும் அப்படியே, மழை நாளிலும் அப்படியே. எழுந்தபின் விளக்கைக் கழற்றிவிட்டு எஃப் 1ஐ 5 ஆக்கினால், அப்பெட்டியே விற்பனை முடியும்வரை மாவைக் காக்கும் குளிர்ப்பெட்டியாகிறது. கழுவிய கையும் தூய பாத்திரமும் வேண்டா என்பது இதன் பொருளன்று. கருவி அழுக்கை நீக்காது.

அவ்வம்மையார் ஒரு நாள் நம்மிடம், "அண்ணா, இப்போது இராத்திரி எழுந்து மூடியைத் திறந்து பார்ப்பதில்லை, தூங்குகின்றேன்" என்றார். ஓர் உழைப்பாளிக்கு ஓர் இரவின் உறக்கம் சிறிய ஊதியமன்று. அவருடைய மூத்த மகன், பத்தாம் வகுப்பில் பயில்பவன், நாள்தோறும் வெப்பநிலையை ஏட்டில் குறித்துவருகின்றான். இன்று அவனுக்கு ரிலே எப்படி இயங்குகிறது என்பது தெரியும்.

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நாம் மொழியைக் காக்கின்றோம், பண்டிகைகளைக் காக்கின்றோம், நன்று. அதனோடு ஒருவர் அடுப்பு அணையாதவாறு மற்றவர் கைகொடுப்பதும் சங்கப் பணியே. பழுதென ஒதுக்கிய குளிர்ப்பெட்டி நம் வீடுகள் சிலவற்றில் துணி வைக்கும் அலமாரியாக நிற்கிறது. கம்ப்ரசர் இன்னும் ஓடுவதாயின், அதனைச் சங்கத்துக்குத் தருக. கருவி வாங்கும் செலவையும் வயர்மேன் கூலியையும் நாம் பகிர்ந்துகொள்வோம். மாவரைத்து வாழும் தாய்மார் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெட்டி என்பதே அடுத்த ஆண்டு விழாவுக்குள் நாம் நிறைவேற்ற வேண்டிய கடமை.