தலைவிதியா? சட்டவிதியா?

(சேலம் ஜில்லாவில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சுருக்கம்)



துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கின்றேன். மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைக்கும் நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நம்மைச் சுற்றிப் பாருங்கள். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை! இந்த மலைகளிலும் அடிவாரங்களிலும் லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்பது நமக்குப் புதிய சேதியா? குழாயின் வாய்வழியாக மருந்தையும் இரும்புக் குண்டையும் போட்டு இடித்துச் சுடுகின்ற கருவி அது. ஏதோ ஒரு பட்டறையில் செய்தது. பரீட்சை பார்த்தவன் கிடையாது. குழாய் வெடித்தால் சுட்டவன் கை போகும். இருட்டில் புதர் அசைவதைப் பன்றி என்று நினைத்துச் சுட்டால் கூட வந்தவன் உயிர் போகும்.

அப்படி ஒருவன் செத்தால் ஊரார் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் தலைவிதி, அவ்வளவுதான்" என்கிறார்கள். தலைவிதி என்றால், மருந்தைக் கெட்டித்தவன் யார்? குதிரையை இழுத்தவன் யார்? இருட்டில் சுட்டவன் யார்? பிரம்மாவா? தோழர்களே! விதியில் இரண்டு உண்டு. ஒன்று தலைவிதி, அதை எழுதினவனையும் காணோம், எழுத்தையும் காணோம். மற்றொன்று சட்டவிதி, அது மனிதன் எழுதுவது, தப்பாயிருந்தால் மனிதனே திருத்துவது. முதலாவதை நம்புகிறவன் பிணத்தைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். இரண்டாவதை நம்புகிறவன் அடுத்த சாவைத் தடுப்பான்.

இது வெறும் பேச்சல்ல. 1996-ம் வருஷம் மார்ச் மாதம் ஸ்காட்லாந்திலே டன்பிளேன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து 16 குழந்தைகளையும் ஒரு ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் வைத்திருந்தவை லைசென்சு பெற்ற துப்பாக்கிகள்! ஜனங்கள் விதி என்று சும்மா இருக்கவில்லை. 7 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 1997-ல் அங்கே கைத்துப்பாக்கி தனி மனிதரிடம் இருக்கக் கூடாதென்று சட்டமாயிற்று. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுடப்பட்டு மாண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்நாட்டு அரசாங்கங்கள் கூடிச் சட்டத்தை இறுக்கி, பின்பு விலை கொடுத்து ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தன. அதற்குப் பின் அங்கே துப்பாக்கியால் சாகிறவர் தொகை குறைந்தது.

மாறாக அமெரிக்காவைப் பாருங்கள். ஆயுதம் வைத்துக் கொள்வது உரிமையென்று 1791-ல் ஒரு திருத்தம் எழுதி வைத்தார்கள். வாய்வழி மருந்து கெட்டித்த காலத்து எழுத்து அது. இன்று நிமிஷத்தில் நூறு பேரைச் சுடும் கருவி வந்த பிறகும் அதை வேதவாக்காக வைத்துக் கொண்டு வாதாடுகிறார்கள். அங்கே ஜனத்தொகையைவிடத் துப்பாக்கித் தொகை அதிகம். வேதம் எந்த நாட்டில் இருந்தாலென்ன, எந்தப் பாஷையில் இருந்தாலென்ன? கேள்வி கேட்கக் கூடாதென்றால் அது மனிதனைக் கொல்லத்தான் செய்யும்.

நிற்க, நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1878-ல் வெள்ளைக்காரர் ஒரு ஆயுதச் சட்டம் செய்தார்கள். வெள்ளைக்காரனுக்கு லைசென்சு வேண்டியதில்லை. நமக்கு வேண்டும் என்றார்கள். அதாவது தோலைப் பார்த்துத் துப்பாக்கி! சுயராஜ்யம் வந்த பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்தது. 21 வயது ஆகாதவனுக்கும் சித்தசுவாதீனம் இல்லாதவனுக்கும் கூடாது. கலெக்டரிடமோ, பட்டணமாயிருந்தால் போலீஸ் கமிஷனரிடமோ மனுப் போட வேண்டும். போலீசார் விசாரித்து ரிப்போர்ட்டு அனுப்ப வேண்டும். 2019-ல் அதைத் திருத்தி, ஒருவன் மூன்று வைத்துக் கொள்ளலாம் என்பதை இரண்டாக்கினார்கள். கலியாணத்திலும் திருவிழாவிலும் குஷிக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றார்கள். நல்லதுதான்.

ஆனால் இதே சட்டத்தில் ஒரு விசேஷத்தைக் கேளுங்கள். பக்கத்துக் குடகு நாட்டில், குடகு ஜாதியில் பிறந்தவருக்கும் ஜம்மா நிலம் உடையவருக்கும் லைசென்சு வேண்டியதில்லை! வெள்ளைக்காரர் காலத்தில் 1861-ல் கொடுத்த சலுகை அது. சுயராஜ்ய சர்க்கார் 1963-லும் கொடுத்தது. 2019-ல், 2029 வரை செல்லுமென்று நீட்டியது. கர்நாடக ஐகோர்ட்டும் 2021-ல் செல்லுமென்று சொல்லிவிட்டது. குடகர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் யோக்கியரும் உண்டு, முன்கோபியும் உண்டு, குடிகாரனும் உண்டு, நம்மிலும் அப்படியே. பிறவியைப் பார்த்தால் மனிதனின் கோபம் தெரியுமா? குண்டு ஜாதி கேட்டுவிட்டா பாய்கிறது? ஒருவனுக்கு அவசியம் உண்டா, அவன் புத்தி நிதானமானதா, பூட்டி வைக்கும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டிய இடத்தில் பிறப்பைப் பார்த்தால் அது சட்டமா, மனுதர்மமா என்று கேட்கின்றேன்.

இன்னொன்று. ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்கும் பொட்டு வைத்துச் சூடம் கொளுத்துகிறோம். கும்பிடுவதற்கு முன், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்கிறவன் எத்தனை பேர்? கும்பிட்ட பொருளின்மேல் பயம் போய்விடும். பயம் போனால் ஜாக்கிரதை போய்விடும்.

நம்மவர் சங்கதியையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. 1967 ஜனவரி 12-ந் தேதி இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.இராமச்சந்திரன் அவர்கள் சுடப்பட்டார். சுட்டவர் என்று கோர்ட்டு தண்டித்தது, மேடையேறிப் பகுத்தறிவு பேசிய நம் எம்.ஆர்.ராதா அவர்களை. பேசுவதற்கென்று போன இடம் அது. முடிவில் இருவருமே குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எம்.ஜி.ஆர். குரல் கடைசி வரை பழையபடி திரும்பவேயில்லை. கையில் துப்பாக்கி இல்லாதிருந்தால் வாய்ச் சண்டையோடு தீர்ந்திருக்கலாம். பகுத்தறிவுக்காரன் கையில் இருந்தாலும் துப்பாக்கிக்குப் பகுத்தறிவு வந்துவிடாது, தோழர்களே!

"பன்றி மரவள்ளியைத் தோண்டித் தின்கிறதே, என்ன செய்வது?" என்று மலையடிவாரத்துத் தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளாமை போனால் கடன்காரன் விடமாட்டான். காப்புக் காட்டை விட்டு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைக் காட்டிலாகாவினரே சுடலாம் என்று 2025-ல் தமிழ்நாடு சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. அதை அமுலுக்குக் கொண்டுவரச் சொல்லி ஊர்கூடி மனுக் கொடுங்கள், நஷ்டஈடு கேளுங்கள், கொடுக்காவிட்டால் போராடுங்கள். சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை ஏழைக் குடியானவன் திருட்டுத் துப்பாக்கியால் செய்து, தானும் சிறைக்குப் போய், பெண்டு பிள்ளைகளையும் தெருவில் விட வேண்டுமா? நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி போலீசார் மலையூர்களில் கேட்கும்போது, ஊர்ப் பெரியவர்களை முன்வைத்துக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைக்கிறவன்மேல் வழக்குப் போடுவதில்லை என்ற வாக்குறுதியை முதலில் வாங்கிக் கொள்ளுங்கள். அதைக் கொடுப்பதும் காப்பாற்றுவதும் சர்க்காரின் கடமை.

ஆகவே தோழர்களே! நான் கேட்பது இவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே பரீட்சை. பிறப்புக்கும் பணத்துக்கும் செல்வாக்குக்கும் சலுகை கூடாது. அடுத்த முறை எங்காவது குண்டு வெடித்தால், "அவன் விதி" என்று சொல்லாதீர்கள். "எந்த விதி தவறிற்று, யார் தவறவிட்டார்கள்?" என்று கேளுங்கள். நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.