வெளியூர் ரோட்டில் இருந்த பயம் நம்ம ஊரில் எங்கே போனது?



இன்றைக்கு சேமிப்பு, உள்கடன், வட்டி எதுவும் பேசப் போவதில்லை. நாங்கள் வேன் பிடித்து ராமேஸ்வரம் தீவுக்குப் போய்வந்த கதையைத்தான் சொல்லப் போகிறோம். சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஆனால் கடைசியில் ஒரு தீர்மானம் இருக்கிறது, எழுந்து போய்விடாதீர்கள்.

மீஞ்சூரிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 600 கிலோமீட்டர். எங்கள் டிரைவர் தம்பி தினமும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகியவர். ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார். பாம்பன் பாலத்தில் ஏறியதும் அந்த வித்தை பலிக்கவில்லை. 1988-இல் திறந்த அந்த ரோட்டுப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் நடுவில் காரை நிறுத்திவிட்டு ஒரு குடும்பமே இறங்கிக் கடலை வேடிக்கை பார்க்கிறது. பக்கத்தில் 2025-இல் திறந்த புது ரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி லிப்ட் மாதிரி மேலே ஏறுமாம். அதை போட்டோ எடுக்க இன்னொரு கூட்டம்.

"இன்னாக்கா இது, ஹாரன் அடிச்சா ஒருத்தரும் திரும்பிகூட பாக்கமாட்டேன்றாங்க" என்று புலம்பினார் தம்பி. "நீயும் நிறுத்துப்பா, நாங்களும் பாக்கணும்" என்றோம். நல்லவேளை, அவர் நிறுத்தவில்லை.

ஊருக்குள் யாரிடம் வழி கேட்டாலும் "நேரா போங்க" என்றே சொன்னார்கள். நேராகப் போனால் மாடு படுத்திருந்தது. மாடும் ஹாரனுக்கு எழுந்திருக்கவில்லை. நாங்கள் இறங்கி, "எழுந்திரும்மா தாயி" என்று கெஞ்சிய பிறகுதான் வழி கிடைத்தது.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர். அரிச்சல்முனை வரை 2017-இல்தான் தார் ரோடு திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நூல் பிடித்த மாதிரி ரோடு. தம்பிக்குக் கால் துறுதுறு என்றது. அப்போது ஓரத்தில் மீன் விற்ற ஒரு அம்மா, "மெதுவா போ ராசா, காத்து மணலைக் கொண்டாந்து ரோட்டுல போட்டிருக்கு. பிரேக் புடிச்சா வழுக்கும்" என்றார். நாங்கள் 600 கிலோமீட்டர் சொல்லியும் கேட்காத தம்பி, அந்த அம்மா சொன்னதும் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டார். வெளியூர் ரோடு அல்லவா, பயம் வந்துவிட்டது.

உலகத்தில் இதைவிட வேடிக்கையான தீவு ரோடும் உண்டு. கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸ் என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கடல் பக்கம் அமெரிக்காவுக்குச் சொந்தமான விர்ஜின் தீவுகள் இருக்கின்றன. அங்கே நம்மைப் போல ரோட்டின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் கார் அமெரிக்காவிலிருந்து வருவதால் ஸ்டியரிங்கும் இடது பக்கம். டிரைவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருப்பார், எதிரே வருவது சரியாகத் தெரியாது. முந்திப் போகப் பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக்காரர் ஸ்கூட்டி பின்னால் உட்கார்ந்துகொண்டு "லெப்ட்ல போ, ரைட்ல போ" என்பாரே, அதுபோலத்தான்!

சரி, சகோதரிகளே, திரும்பி வந்தோம். மீஞ்சூரில் இறங்கிய மறுநாள் காலை என்ன பார்த்தோம்? அதே வேனில் வந்த நம் உறுப்பினர் ஒருவர், ஸ்கூட்டியில் முன்னே ஒரு பிள்ளை, பின்னே ஒரு பிள்ளை, தலையில் ஹெல்மெட் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லருக்கு இடது பக்கமாக நுழைந்து போகிறார். தனுஷ்கோடியில் "மெதுவாப்பா, மெதுவா" என்று சாமியைக் கும்பிட்டவர் அவர்தான். கேட்டால், "நம்ம ரோடுதானே மேடம், தெரியாதா?" என்கிறார்.

நமக்கு ரோடு தெரியும். ஆனால் டிரெய்லர் டிரைவருக்கு நாம் தெரியமாட்டோம். உயரமான கேபினில் இருப்பவருக்கு இடது பக்கம் ஒட்டி வரும் வண்டி கண்ணில் படாது. வண்டி இடது பக்கம் திரும்பும்போது, முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில்தான் நாமும் நம் பிள்ளைகளும் நிற்கிறோம்.

நம்மில் பலர் எல்.எல்.ஆர். எடுத்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். அது 6 மாதம்தான் செல்லும். 30 நாள் கழிந்ததும் டெஸ்டுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும், 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் உண்டு.

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்: வண்டி ஓட்டும் உறுப்பினர் எல்லோரும் லைசென்ஸ் எடுப்போம், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் வாங்குவோம், பணம் இல்லாதவருக்கு உள்கடன் கொடுப்போம். அடுத்த கூட்டத்துக்கு பாஸ்புக்கோடு லைசென்சும் கொண்டு வாருங்கள்.

வெளியூர் ரோட்டில் விருந்தாளி மாதிரி போனோம், பத்திரமாக வந்தோம். நம்ம ஊர் ரோட்டிலும் அப்படியே போவோம். சாயங்காலம் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.