கயிறும் சாதியின் பெயரும்



"சாதி வெறியர்களைத் தூக்கிலிடு" என்ற முழக்கம் நம் ஊர்வலங்களில் எழுகிறது. நம் உயிருக்கு இந்நாட்டில் மதிப்பில்லை என்ற அனுபவத்திலிருந்து வரும் குரல் அது. நம்மைக் கொன்றவனுக்கும் உச்சபட்ச தண்டனை உண்டு என்றால்தான் நாமும் மனிதர் என்றாகும் என்பது அதன் நியாயம். இந்த நினைவுரையில் அதை எள்ளளவும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியைப் பாருங்கள். ஒரு தாக்குதல் வழக்கில் சாட்சி சொன்ன சுரேகா போத்மாங்கேயும் அவரது மூன்று பிள்ளைகளும் 2006 செப்டம்பர் 29 அன்று கொல்லப்பட்டனர். 2008இல் பண்டாரா நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. அதே தீர்ப்பு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர்நீதிமன்றம் தூக்கை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. பழிவாங்கல் என்றதே தவிர, சாதிக் கொலை என்று அதுவும் சொல்லவில்லை. கயிறு வந்தது, போனது. சாதியின் பெயர் மட்டும் ஏறவேயில்லை.

தூக்குக் கொட்டடியில் இருப்பவர்கள் யார்? டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வின்படி, நால்வரில் ஏறத்தாழ மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். கயிறு நம் கழுத்தைத்தான் எளிதில் கண்டுபிடிக்கிறது.

1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனையையே ஒழிப்பதைத்தான் ஆதரிப்பேன் என்று அண்ணல் அம்பேத்கர் பேசினார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இவை: முதல் தகவல் அறிக்கையிலேயே வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, இழுத்தடிக்காத விசாரணை, தப்ப முடியாத தண்டனை. ஆதிக்க சாதி அஞ்சுவது இதற்குத்தான்.

ஜெய்பீம்.